திரும்பி வந்த மீன்கள்



மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு ராவஸ் மீனை நன்றாய்த் தெரியும். கடைக்காரர் அதையே "இந்தியன் சால்மன்" என்று சொல்லி விலையைச் சற்று உயர்த்துவார். நம் கடற்கரை ஊர்களில் அதற்குக் காலா மீன் என்று பெயர். குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்ற நல்ல மீன்தான். ஆயினும் அது சால்மன் அன்று. மெய்யான சால்மன் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த கடல்களில் வாழ்வது. இம்மாதம் அந்த மெய்யான சால்மனைப் பற்றியும், அது வந்துபோகும் சிற்றோடைகளைச் சீர்ப்படுத்தப் பாடுபட்ட ஊர்மக்களைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். அவர்கள் செய்த வேலை நல்ல வேலை. ஆனால் அதன் பலனைக் கண்டபோது அவர்கள் திகைத்து நின்றார்கள்.

முதலாவது மீனை அறிந்துகொள்வோம். சால்மன்களில் கோஹோ என்று ஓர் இனம். அமெரிக்காவின் வடமேற்கு ஓரத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் ஓடைகளில் இது பிறக்கிறது. தாய்மீன் தன் வாலால் கூழாங்கற்களை அடித்து ஒதுக்கிக் குழி செய்து, இரண்டாயிரம் மூவாயிரம் முட்டைகளை இட்டு, மறுபடியும் கற்களால் மூடிவிடுகிறது. குளிர்காலம் முழுவதும் அம்முட்டைகள் கற்களுக்கடியில் கிடக்கும். வசந்தத்தில் வெளிவரும் குஞ்சு, பிறந்த ஓடையிலேயே ஏறத்தாழ ஒரு வருஷம் வளர்ந்து கடலுக்குப் போகிறது. ஒன்றரை வருஷம் பசிபிக் பெருங்கடலில் மேய்ந்து பெருத்தபின், மூன்றாம் வயதில், இலையுதிர்கால மழையில் ஓடைநீர் உயரும் வேளையில், தான் பிறந்த இடத்தைத் தேடித் திரும்புகிறது. நன்னீரில் புகுந்தபின் அது இரை எடுப்பதில்லை. முட்டையிடும், சில நாட்களில் மரித்துப்போகும். ஆயுளில் ஒரே தரம்தான் இந்தப் பிரயாணம்.

பரந்த கடலிலிருந்து திரும்பி, நூற்றுக்கணக்கான ஓடைகளில் தன்னுடைய ஓடை இன்னதென்று அது அறிவது எப்படி? 1950-களில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய உடன் வேலையாளரும் சியாட்டில் நகரத்துக்கு அருகே இசக்வா ஓடையில் ஒரு சோதனை செய்தார்கள். ஓடை இரண்டாய்ப் பிரியும் இடத்துக்கு மேலே, ஒவ்வொரு கிளையிலும் ஏறி வந்த கோஹோ மீன்களைப் பிடித்து, அவற்றில் ஒரு பாதிக்கு மூக்குத் துவாரத்தைப் பஞ்சால் அடைத்து, எல்லாவற்றையும் பிரிவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்த மீன்களில் பெரும்பாலானவை தாம் முன்பு தெரிந்துகொண்ட கிளையிலேயே மீண்டும் ஏறின. மூக்கு அடைபட்டவையோ வழி தெரியாமல் மனம்போன கிளையில் போயின. தண்ணீரின் வாசனைதான் அவற்றுக்கு வழிகாட்டி. சொந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடனே காற்றை ஒரு தரம் ஆழமாய் இழுத்துவிடும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சியாட்டில், பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலின் கரையில் அமைந்த நகரம். நகரம் பெருகப் பெருக, அங்கிருந்த ஓடைகள் பல குழாய்களுக்குள் அடைக்கப்பட்டன, காடுகள் வெட்டப்பட்டன, கரைகள் சிமெண்டாயின. நகரத்தின் மேற்குப் பகுதியில் லாங்ஃபெல்லோ ஓடை என்று ஒன்று உண்டு. வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஓடி, கடைசிப் பகுதியில் ஓர் உருக்காலைப் பக்கமாய் நீண்ட குழாயொன்றில் புகுந்து, டுவாமிஷ் ஆற்றின் முகத்துவாரத்தில் கலக்கிறது. திரும்பி வரும் மீன் அந்த இருட்டுக் குழாய் முழுவதையும் எதிர்நீச்சலில் கடந்தாக வேண்டும். நகரத்தின் வடமேற்கில் கார்கீக் பூங்கா வழியாய் ஓடுவது பைப்பர்ஸ் ஓடை. இதிலும் சால்மன் அற்றுப்போயிருந்தது.

பைப்பர்ஸ் ஓடையில் 1980-களிலேயே அப்பகுதி மக்கள் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் உள்கடலின் அக்கரையில் வாழும் சுக்வாமிஷ் என்னும் பூர்வகுடி மக்கள். அவர்களுடைய குஞ்சு பொரிப்பகத்திலிருந்து 'சம்' என்ற வேறொரு சால்மன் இனத்தின் குஞ்சுகளைக் கொண்டுவந்து, ஓடைக்கு அருகே ஓடைநீராலேயே நிரம்பும் சிறு குட்டையில் சில வாரங்கள் வைத்தார்கள். அந்தத் தண்ணீரின் வாசனை குஞ்சுகளுக்குள் பதிய வேண்டும் என்பதே நோக்கம். இரை போட முறை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே தொட்டி வைத்து முட்டைகளிலிருந்து குஞ்சு வளர்த்து, கையில் ஒரு குவளையோடு ஓடைக்கு வந்து விடுவித்தார்கள். அதுமுதல் நவம்பர் மாதத்தில் சம் மீன்கள் பைப்பர்ஸ் ஓடைக்குத் திரும்பி வருகின்றன. ஊரார் கரையில் நின்று, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றின் வரலாற்றைச் சொல்லுகிறார்கள்.

1990-களில் லாங்ஃபெல்லோ முதலான மற்ற ஓடைகளிலும் சீரமைப்பு நடந்தது. நகராட்சி பணம் தந்தது. அக்கம்பக்கத்தார் உழைப்பைத் தந்தார்கள். விழுந்த மரத்தண்டுகளை ஓடைக்குள் கிடத்தினார்கள். அவற்றின் நிழலில் மீன் ஒதுங்கும். முட்டையிட ஏற்ற கூழாங்கல் பரப்பினார்கள். கரையை மூடியிருந்த முட்புதர்களைப் பிடுங்கி எறிந்து, அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். அம்முட்புதருக்கு அங்கே "இமயமலை பிளாக்பெர்ரி" என்று பெயர். இதைக் கேட்டு நாம் வெட்கப்பட வேண்டாம். லூதர் பர்பேங்க் என்ற தாவர வல்லுநர் 1885-ல் இந்தியாவிலிருந்து வந்த விதையை நட்டு அந்தப் பெயரைச் சூட்டினார். செடியின் தாயகம் அர்மீனியா பக்கம். இந்திய ராவஸுக்குச் சால்மன் பேரும், அர்மீனியச் செடிக்கு இமயமலைப் பேரும் வாய்த்தன!

வேலை முடிந்தது. மீன்களும் வந்தன. எத்தனையோ வருஷங்களாய் வெறுமையாய்க் கிடந்த நகரத்து ஓடையில், கைமுழ நீளமுள்ள கோஹோ மீன்கள் நீரைக் கிழித்துக்கொண்டு ஏறின. இத்துடன் படம் எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், இந்த வரலாறு இவ்வளவில் முடிந்திருக்கும். எந்தத் திட்டத்துக்கும் திறப்புவிழாவுக்கு வருகிறவர் அநேகர். மறுவருஷம் வந்து எட்டிப்பார்க்கிறவர் சிலரே. இங்கே அந்தச் சிலர் வந்தார்கள்.

அவர்கள் கண்டது இது. மழை பெய்து ஓடை பெருகியதும், நலமாய் வந்த மீன்கள் தடுமாறத் தொடங்கின. நீர்மட்டத்தில் திசை தெரியாமல் சுற்றின. வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகள் விறைத்து விரிந்தன. நிலைதவறிப் பக்கவாட்டில் சாய்ந்தன. சில மணி நேரத்துக்குள் செத்தன. பெண் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது, சினை பெரும்பாலும் அப்படியே உள்ளே இருந்தது. முட்டையிட்டபின் சாவது சால்மனுக்குச் சிருஷ்டியிலேயே உள்ள முறை. இவையோ இடாமலே செத்தன. கடல் முழுவதையும் சுற்றி, இருட்டுக் குழாயைத் தாண்டி, மனிதர் ஆயத்தம்பண்ணிய கற்களின்மேல் வந்து சேர்ந்தபின் செத்தன.

2002 முதல் 2009 வரை அமெரிக்க அரசின் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் லாங்ஃபெல்லோ ஓடையை இலையுதிர்காலத்தில் தினந்தோறும் நடந்து பார்த்தார்கள். ஆண்டுதோறும் வந்த கோஹோ மீன்களில் நூற்றுக்கு 60 முதல் 100 வரை முட்டையிடுமுன்னே இறந்தன. 100 என்றால் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பொருள். நகரத்துக்குத் தொலைவிலுள்ள ஃபோர்ட்சன் ஓடையில் 2002-ல் பார்த்தபோது, அப்படி இறந்தவை நூற்றுக்கு ஒன்றும் இல்லை.

ஓடையில் மரத்தண்டும் கூழாங்கல்லும் நிழலும் எல்லாம் சரியாகவே இருந்தன. குற்றம் தண்ணீரில் இருந்தது. தண்ணீரில் என்ன இருந்தது என்பதுதான் விளங்கவில்லை. பிராணவாயு குறைவோ என்று அளந்தார்கள், குறையவில்லை. வெப்பநிலையைப் பார்த்தார்கள். நோய்க்கிருமியைத் தேடினார்கள். வீட்டுத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தைச் சந்தேகித்தார்கள். செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களையும், வண்டிப் புகையின் எண்ணெய்க் கரியையும் சந்தேகித்தார்கள். ஒன்றிலும் குற்றம் நிரூபணமாகவில்லை. மழை பெய்தால் சாவு வருகிறது, சாலைகளும் வண்டிகளும் மிகுந்த இடத்தில் அதிகமாய் வருகிறது என்ற மட்டும் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தபின் சிலருக்கு ஒரு கேள்வி எழும். மீனைக் கொல்லும் ஓடைக்கு மீனை வரவேற்பது நியாயமா? பேசாமல் பழையபடி விட்டிருக்கலாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் என் மனதில் படுவது வேறு. சீரமைப்பு நடவாதிருந்தால் அந்த ஓடையில் மீன் இராது. மீன் இல்லாவிட்டால் சாவும் இராது. சாவைக் காணாவிட்டால், நகரத்தின் ஒவ்வொரு மழையிலும் ஓடையில் விஷம் ஓடுவதை ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள். விஷம் அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த அடியை எடுத்துவைத்த இடம் மீண்டும் சுக்வாமிஷ் மக்களுடைய பொரிப்பகம். ஆராய்ச்சியாளர்கள் முதலில், சாலைக் கழிவிலுள்ள உலோகங்களையும் எண்ணெய்ப் பொருள்களையும் தாங்களே தண்ணீரில் கலந்து அதில் கோஹோ மீன்களை விட்டார்கள். மீன்கள் பிழைத்தன. பின்பு சியாட்டிலின் நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அதில் விட்ட மீன்கள் எல்லாம் செத்தன. மூன்றாவதாக, அதே நெடுஞ்சாலைத் தண்ணீரை ஒரு மண்கலவை வழியாய் வடித்து எடுத்தார்கள். மணல் 60 பங்கு, மட்கிய எரு 40 பங்கு, அவ்வளவுதான் கலவை. வடிந்த நீரில் விட்ட மீன்கள் எல்லாம் பிழைத்தன. 2015-ல் இந்த முடிவு வெளியாயிற்று. விஷத்தின் பெயரே தெரியாத நாளில் அதற்கு மருந்து கிடைத்துவிட்டது. அதுவும் நம் பாட்டிமார் தண்ணீர் தெளிய மணற்பானை வைத்ததைப்போன்ற மருந்து.

2018-ல் வெளிவந்த மற்றொரு சோதனையில் வேறோர் ஆச்சரியம். கோஹோவைச் சில மணி நேரத்தில் கொன்ற அதே சாலைநீரில் சம் மீன்கள் நாட்கணக்காய் உயிரோடிருந்தன. ஒரே ஓடை, ஒரே மழை, ஒன்று சாகிறது, ஒன்று பிழைக்கிறது. பைப்பர்ஸ் ஓடையில் சம் மீன்களைக் கொண்டு வேலை செய்தவர்கள் இந்தச் சாவுக்குத் தப்பியது இதனால்தான்.

விஷத்தின் பெயர் 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜென்யூ டியான், எட்வர்ட் கோலோட்சி, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டையர் முதலானோர் டயர் ரப்பரைச் சந்தேகித்தார்கள். சீஸ் துருவும் துருவியால் டயரைத் துருவி, தூளைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். அந்த ஊறல்நீர் கோஹோவைக் கொன்றது. அதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன. பகுதி பகுதியாய்ப் பிரித்து, எந்தப் பகுதி மீனைக் கொல்லுகிறதோ அதை மறுபடியும் பிரித்து, கடைசியில் ஒரே பொருளில் வந்து நின்றார்கள். கார்பன் 18, ஹைட்ரஜன் 22, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என்பது அதன் கணக்கு. டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. பின்பு டியானுக்குப் பொறி தட்டியது: 6பிபிடி என்ற பொருளுக்கு ஏறத்தாழ இதே கணக்கு, ஹைட்ரஜன் மாத்திரம் இரண்டு கூடுதல், ஆக்சிஜன் இல்லை.

இந்த 6பிபிடி ஒரு காவல் பொருள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க 1960-களிலிருந்து டயரில் இதைச் சேர்க்கிறார்கள். ஓசோன் வரும்போது ரப்பருக்கு முன்பாக இது போய் அதோடு வினைபுரிந்துவிடும். அந்த வினையில் உண்டாவதே 6பிபிடி-குயினோன் என்ற விஷம். டயர் தேயத் தேயத் தூள் சாலையில் படிகிறது. மழை அதை வடிகாலுக்குக் கொண்டுபோகிறது. வடிகால் ஓடைக்குக் கொண்டுபோகிறது. 2022-ல் மறுபடியும் துல்லியமாய் அளந்தபோது, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு அளவு இருந்தாலே கோஹோ மீன்களில் பாதி இறக்கும் என்று கண்டார்கள். நம்முடைய அளவுக்குச் சொன்னால், ஒரு சிட்டிகை அளவுகூட இல்லாத பொருள் ஒரு சிறு குளத்துத் தண்ணீருக்குப் போதும் என்பதுபோல.

டயரிலிருந்து அதை நீக்கிவிடலாமே என்றால், அது எளிதன்று. காவல் பொருள் இல்லாத டயர் சாலையில் வெடித்தால் போவது மனித உயிர். அதற்கு ஈடான, மீனைக் கொல்லாத வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2023 அக்டோபரில் டயர் நிறுவனங்கள் மாற்றுப்பொருளை ஆராய வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்'கிளால்லம், புயால்லப் என்ற மூன்று பூர்வகுடி மக்கள் சுற்றுச்சூழல் துறைக்கு மனு செய்தார்கள். நவம்பரில் மனு ஏற்கப்பட்டது. 2024 நவம்பரில், விதி செய்வதற்கு முன்னான முதல் அறிவிப்பை அத்துறை வெளியிட்டது. மனு செய்தவர்கள் மீன்பிடிக்கும் ஜனங்கள் என்பதைக் கவனியுங்கள். பியூஜெட் சவுண்ட் பகுதிப் பூர்வகுடிகள் 1850-களின் உடன்படிக்கைகளில் நிலத்தைக் கொடுத்து, மீன்பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டவர்கள். பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்குரியது என்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் 1974-ல் தீர்ப்பளித்தார். ஓடையில் மீனே இல்லாவிட்டால் பாதி என்பதற்கு என்ன பொருள்?

டயர் மாறும்வரை சும்மா இருக்கவில்லை ஊரார். மணலும் எருவும் கலந்த அந்தக் கலவையை வீட்டு வாசலிலேயே இட்டார்கள். கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் வழியும் நீர் தெருவுக்குப் போகாமல், தாழ்வாய் வெட்டிச் செடி நட்ட ஒரு பாத்தியில் இறங்கி மண்ணில் வடியும்படி செய்தார்கள். இதற்கு மழைத் தோட்டம் என்று பெயர். பியூஜெட் சவுண்ட் வட்டாரத்தில் 12,000 மழைத் தோட்டங்கள் அமைப்பது என்ற இயக்கம் 2011-ல் தொடங்கியது. சியாட்டில் நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும், குறிப்பிட்ட பகுதிகளில் தோட்டம் போடுகிறவர்களுக்குச் செலவில் பங்கு கொடுத்தன. வீட்டுப் பாத்தியால் மட்டும் ஆகாது. விஷம் மிகுதியாய் இருப்பது சாலையில். ஆகையால் சாலையோரங்களிலும் பாலங்களுக்கடியிலும் இதே கலவையிட்ட பெரிய பாத்திகளை அமைக்கத் தொடங்கினார்கள். இது மெதுவாய் நடக்கும் வேலை. ஒரு நகரத்தின் சாலைகள் அத்தனைக்கும் பாத்தி போடுவதென்றால், தலைமுறைக் கணக்கில்தான் பேச வேண்டும்.

நம்முடைய நகரங்களில் ஓடுவதும் இதே ரப்பர்தான். ஜூன் மாதத்து முதல் மழையில் சாலையிலிருந்து வழியும் கறுப்புத் தண்ணீர் நேரே நாலாவுக்குப் போகிறது. குடியிருப்புச் சங்கங்களோ வளாகத்தில் ஒரு முழம் மண்ணையும் விட்டுவைக்காமல் பேவர் பிளாக் பதித்து, சுத்தமாகிவிட்டது என்று மகிழ்கின்றன. அடுத்த பொதுக்குழுவில் வாகன நிறுத்தம் பற்றிப் பேசும்போது, மரத்தைச் சுற்றியாவது ஒரு பாத்தி விடச் சொல்லி நம்மவர் ஒருவர் எழுந்து கேட்கலாம்.

லாங்ஃபெல்லோ ஓடையில் எண்ணும் வேலை 2009-க்குப் பிறகும் நின்றுவிடவில்லை. ஊர்த் தொண்டர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். இலையுதிர்காலத்தில் முழங்கால் அளவு ரப்பர்க் காலணி அணிந்து, கையில் குறிப்பேட்டோடு ஓடைக்குள் இறங்குவார்கள். செத்த மீனைக் கண்டால் நீளத்தை அளப்பார்கள்; ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள்; பெண்ணானால் வயிற்றைக் கீறுவார்கள். சினை முழுவதும் உள்ளே இருந்தால் ஒரு குறி; வயிறு வெறுமையாய் இருந்தால், அதாவது மீன் தன் வேலையை முடித்துவிட்டு மரித்திருந்தால், வேறொரு குறி. பிறகு, அடுத்த முறை அதே மீனை இரண்டாம் தரம் எண்ணிவிடாதபடி வாலை வெட்டிவிட்டு, மழையில் நனைந்தபடி அடுத்த வளைவுக்கு நடப்பார்கள்.